அட்டவணையைக் கணினிக்குள் எப்படி அடுக்குவது?

புரோகிராமிங் படிக்கத் தொடங்கியவர்களுக்கு முதல் சில வாரங்கள் சுலபமாகத்தான் ஓடும். ஓர் எண்ணை மாறியில் வைப்பது, இரண்டு எண்களைக் கூட்டுவது, ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது எல்லாம் விரைவில் கைவந்துவிடும். அதன்பிறகு உண்மையான தகவல் ஒன்று கைக்கு வரும். பெரும்பாலும் அது அட்டவணையாகத்தான் இருக்கும்: மதிப்பெண் பட்டியல், மழை அளவு, விலைப் பட்டியல், வாக்காளர் பட்டியல். தயக்கம் அங்கேதான் தொடங்குகிறது. பைத்தானில் லிஸ்ட் இருக்கிறது, டியூப்பிள் இருக்கிறது, டிக்ஷனரி இருக்கிறது, கிளாஸ் இருக்கிறது. வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ள நம்பை, பாண்டாஸ் என்று தனி நூலகங்கள் உண்டு. போதாக்குறைக்கு டேட்டாபேஸ் வேறு. எதில் வைப்பது?

இவற்றில் எது சிறந்தது என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. இந்த அட்டவணையிடம் நான் என்னென்ன கேட்கப் போகிறேன் என்று யோசித்தால் பதில் தானாகவே வந்துவிடும். பள்ளியில் எல்லோரும் பார்த்திருக்கும் தனிம வரிசை அட்டவணையை வைத்தே இதைப் பார்க்கலாம். மொத்தம் 118 தனிமங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், அணு எண், அணு நிறை, உருகுநிலை என்று நான்கு தகவல்கள். சிறிய அட்டவணைதான். ஆனால் தரவு அமைப்பைப் பற்றி ஒரு தொடக்கக்காரர் சந்திக்கவேண்டிய சிக்கல்கள் எல்லாமே இதற்குள் இருக்கின்றன.

சுவரில் தெரியும் கட்டம்

வேதியியல் ஆய்வகச் சுவரில் தொங்கும் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே 18 தொகுதிகள், நெடுக்கே 7 தொடர்கள், அடியில் தனியாக இரண்டு வரிசைகள். இதைப் பார்த்தவுடன் 9 வரிசை, 18 நெடுவரிசை கொண்ட ஓர் இருபரிமாண அணியை உருவாக்கி, கட்டத்துக்கு ஒரு தனிமமாக நிரப்பத்தான் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் 162 கட்டங்கள் வரும். தனிமங்கள் 118தான். மீதி 44 கட்டங்கள் காலி. தங்கத்தின் உருகுநிலை என்ன என்று கேட்டால், தங்கம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கட்டம் கட்டமாகத் தேடவேண்டும். தேடும்போது காலிக் கட்டத்தில் இடறி விழாமல் இருக்க ஒவ்வொரு முறையும் சோதனை வைக்கவேண்டும்.

சுவரில் இருப்பது மனிதக் கண்ணுக்காக வரைந்த படம். ஒரே மாதிரிப் பண்புள்ள தனிமங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியவேண்டும் என்பதற்காக அப்படி வளைத்திருக்கிறார்கள். கணினிக்கு அது தேவையில்லை. ஒரு தனிமத்துக்கு ஒரு வரிசை என்று 118 வரிசைகள் போதும். தொகுதி எண்ணும் தொடர் எண்ணும் வேண்டுமென்றால் இன்னும் இரண்டு நெடுவரிசைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். படத்தைத் திரையில் வரையவேண்டிய நேரத்தில் அந்த இரண்டு எண்களிலிருந்து வரைந்துகொள்ளலாம். நழுவவிடாமல் பிடித்துக்கொள்ளவேண்டிய முதல் விதி இது: ஒரு பொருளுக்கு ஒரு வரிசை, ஒரு தகவலுக்கு ஒரு நெடுவரிசை.

தனித்தனி லிஸ்டுகளின் ஆபத்து

அடுத்து வரும் தூண்டுதல், நெடுவரிசைக்கு ஒரு லிஸ்ட் வைப்பது. பைத்தான் 3 மாறிகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்க இடம் கொடுக்கிறது. ஆகவே இப்படி எழுதலாம்:

பெயர்கள் = ["ஹைட்ரஜன்", "ஹீலியம்", "லித்தியம்"]
நிறைகள் = [1.008, 4.0026, 6.94]

பார்க்க அழகாக இருக்கிறது. இப்போது பெயர்களை அகரவரிசைப்படுத்திக் காட்டச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். பெயர்கள் லிஸ்டை மட்டும் வரிசைப்படுத்தினால் லித்தியம், ஹீலியம், ஹைட்ரஜன் என்று மாறிவிடும். நிறைகள் லிஸ்டுக்கு இது தெரியாது. அது பழைய வரிசையிலேயே நிற்கும். இனி லித்தியத்தின் நிறை 1.008, ஹைட்ரஜனின் நிறை 6.94. புரோகிராம் நிற்காது, பிழைச் செய்தியும் வராது. இன்னொரு வேடிக்கை, நடுவில் இருந்த ஹீலியம் நடுவிலேயே இருப்பதால் அதன் நிறை மட்டும் சரியாக வரும். சோதித்துப் பார்ப்பவர் தற்செயலாக ஹீலியத்தைச் சோதித்தால் எல்லாம் சரி என்று முடிவு கட்டிவிடுவார்.

சேர்ந்து இருக்கவேண்டிய தகவல்களைப் பிரித்து வைத்தால் அவற்றைச் சேர்த்தே வைத்திருக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. அந்தப் பொறுப்பைத் தரவு அமைப்பிடம் ஒப்படைப்பதுதான் நல்லது. ஆகவே ஒரு தனிமத்தின் நான்கு தகவல்களையும் ஒரே லிஸ்டாகக் கட்டி, அந்த 118 லிஸ்டுகளை ஒரு பெரிய லிஸ்டில் போடலாம். இப்போது எப்படி வரிசைப்படுத்தினாலும் ஒரு தனிமத்தின் தகவல்கள் பிரியாது.

ஆனால் தங்கத்தின் உருகுநிலையை எடுக்க இப்படி எழுதவேண்டியிருக்கும்:

தனிமங்கள்[78][3]

தங்கத்தின் அணு எண் 79. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் 78. பெயர், அணு எண், அணு நிறை, உருகுநிலை என்ற வரிசையில் உருகுநிலை நான்காவது, ஆகவே 3. விடை 1064 டிகிரி செல்சியஸ். சரிதான். அடுத்த மாதம் பெயருக்குப் பக்கத்தில் குறியீடு என்று ஒரு நெடுவரிசையைச் சேர்க்கிறீர்கள். எல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். அதே கட்டளை இப்போது அணு நிறையை, அதாவது 196.97 என்பதை எடுத்துக் கொடுக்கும். தங்கம் 197 டிகிரியில் உருகும் என்று உங்கள் புரோகிராம் துளியும் கூசாமல் சொல்லும்.

இதற்குத் தீர்வு, இடத்தைச் சொல்லாமல் பெயரைச் சொல்லிக் கேட்பது. ஒவ்வொரு தனிமத்தையும் ஒரு டிக்ஷனரியாக வைத்தால் தனிமம்["உருகுநிலை"] என்று கேட்கலாம். நெடுவரிசைகளை எப்படி மாற்றிப் போட்டாலும் இது தவறாது. பைத்தான் 3.7 முதல் கிடைக்கும் டேட்டாகிளாஸ் என்ற வசதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு தனிமத்துக்கு என்னென்ன தகவல்கள் கட்டாயம் என்று முன்பே எழுதிவைத்துவிட்டால், ஒன்று விடுபட்டாலும் உருவாக்கும்போதே தடுத்துப் பிழை காட்டிவிடும். தொடக்கக்காரர்களுக்குப் பத்தில் எட்டு வேலைக்கு டிக்ஷனரிகள் நிறைந்த ஒரு லிஸ்டோ டேட்டாகிளாஸ்கள் நிறைந்த ஒரு லிஸ்டோ போதும்.

எது சாவி?

லிஸ்டில் தங்கத்தைத் தேடுவது என்றால் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். 118 தனிமங்களில் சராசரியாக 59 அல்லது 60 ஒப்பீடுகள். இன்றைய லேப்டாப்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வரிசைகள் 10 லட்சமானால் ஒரு தேடலுக்குச் சராசரியாக 5 லட்சம் ஒப்பீடுகள். அப்படிப்பட்ட தேடல்கள் 10 லட்சம் இருந்தால் மொத்தம் 50,000 கோடி. அப்போது காத்திருக்கவேண்டியதுதான்.

வரிசைப்படுத்தி வைத்து, ஒவ்வொரு முறையும் பாதியாகப் பிரித்துத் தேடினால் 10 லட்சத்தில் ஒன்றைக் கண்டுபிடிக்க 20 ஒப்பீடுகள் போதும். டிக்ஷனரி இன்னும் வேகம். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் போல, தேடும் சொல்லை வைத்தே நேராகப் பக்கத்துக்குப் போய்விடும். உள்ளே நடப்பது இதுதான்: ‘தங்கம்’ என்ற சொல்லை ஒரு கணக்கீட்டின் வழியாக ஓர் எண்ணாக மாற்றி, அந்த எண் காட்டும் இடத்தில் தகவலை வைக்கிறது. கேட்கும்போது மறுபடி அதே கணக்கைப் போட்டு அதே இடத்துக்குப் போகிறது. இரண்டு சொற்களுக்கு ஒரே இடம் வந்துவிட்டால் வேறோர் இடம் பார்த்துக்கொள்ளவும் அதற்கு ஏற்பாடு உண்டு. ஹாஷிங் என்ற இந்த உத்தியை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-லேயே ஓர் உள்குறிப்பில் எழுதிவைத்தார். கடன் அட்டை எண்களில் தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்கும் சூத்திரமும் அவருடையதே.

ஆனால் டிக்ஷனரியில் போடுமுன் ஒரு முடிவு எடுத்தாகவேண்டும். எந்தத் தகவலை வைத்துத் தேடப்போகிறோம், அதாவது எது சாவி? பெயரைச் சாவியாக்குவதுதான் எளிது என்று தோன்றும். பெயர்கள் அவ்வளவு நம்பகமானவை இல்லை. ஒருவர் ‘பாதரசம்’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘மெர்க்குரி’ என்பார். 118ஆம் தனிமம் 2016 வரை ‘உனுனாக்டியம்’ என்ற தற்காலிகப் பெயரில் இருந்து, பிறகு ‘ஓகனெசான்’ ஆனது. தமிழில் இன்னொரு கண்ணுக்குத் தெரியாத பள்ளம் உண்டு. ‘பொட்டாசியம்’ என்பதில் உள்ள ஒகர உயிர்மெய்யை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒரு வகை, கொம்பையும் காலையும் தனித்தனியாக வைப்பது இன்னொரு வகை. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். ஒரு விதமாகச் சேமித்துவிட்டு இன்னொரு விதமாகத் தேடினால் பொட்டாசியம் இல்லவே இல்லை என்று டிக்ஷனரி கைவிரித்துவிடும்.

நல்ல சாவிக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். ஒன்றுக்கு இருக்கும் மதிப்பு மற்றொன்றுக்கு இருக்கக்கூடாது. ஒருமுறை கொடுத்தால் மாறக்கூடாது. தனிமங்களுக்கு அந்தச் சாவியைக் கண்டுபிடிக்க வேதியியலுக்கே பல ஆண்டுகள் ஆயின. 1869-இல் மெண்டலீவ் தனிமங்களை அணு நிறையின் வரிசையில் அடுக்கினார். அங்கே டெலூரியமும் அயோடினும் முரண்டுபிடித்தன. நிறைப்படி பார்த்தால் 126.90 கொண்ட அயோடின் முன்னாலும் 127.60 கொண்ட டெலூரியம் பின்னாலும் வரவேண்டும். குணத்தைப் பார்த்தாலோ அயோடின் குளோரின், புரோமின் குடும்பத்தில்தான் சேரும். மெண்டலீவ் குணத்தை நம்பி இடத்தை மாற்றி வைத்தார். டெலூரியத்தின் நிறையை அளந்ததில் பிழை இருக்கவேண்டும் என்று கருதினார். அளவீட்டில் பெரிய பிழை எதுவும் இல்லை, தேர்ந்தெடுத்த சாவிதான் தவறு. 1913-இல் ஹென்றி மோஸ்லி எக்ஸ் கதிர் ஆய்வுகளின் மூலம், அணுக்கருவின் மின்னூட்டத்தைக் காட்டும் அணு எண்ணே சரியான வரிசை என்று நிறுவினார். டெலூரியம் 52, அயோடின் 53. குழப்பம் தீர்ந்தது. டேட்டாபேஸ் பாடத்தில் முதன்மைச் சாவி என்று எதைச் சொல்கிறார்களோ, அணு எண் அதற்கு இலக்கணம்.

அணு எண் 1 முதல் 118 வரை இடைவெளி இல்லாமல் போகிறது என்பதால் இங்கே டிக்ஷனரிகூடத் தேவையில்லை, லிஸ்டே போதும். பூஜ்யமாவது இடத்தைக் காலியாக விட்டுவிட்டால் 79 என்று கேட்டாலே தங்கம் வந்து நிற்கும். ஆதார் எண், கைபேசி எண் போல இடையிடையே பெரிய இடைவெளிகள் உள்ள எண்களுக்கு இது ஒத்துவராது. அங்கே டிக்ஷனரிதான்.

இல்லாத மதிப்பு

உருகுநிலை நெடுவரிசையை நிரப்பிக்கொண்டு வரும்போது சில இடங்களில் கை நிற்கும். ஓகனெசானில் இதுவரை உருவாக்கப்பட்டவை ஒருசில அணுக்களே, அதன் உருகுநிலையை யாரும் அளந்ததில்லை. ஹீலியத்தின் கதை வேறு. சாதாரணக் காற்றழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் அது உறைவதே இல்லை. உறையாத ஒன்றுக்கு அந்த அழுத்தத்தில் உருகுநிலை ஏது?

இந்த இடங்களில் பூஜ்யத்தைப் போடுவது தொடக்கக்காரர்களின் வழக்கம். பூஜ்ய டிகிரி என்பது உண்மையான வெப்பநிலை, பனிக்கட்டி உருகும் வெப்பநிலை. அறை வெப்பநிலைக்குக் கீழே உருகும் தனிமங்கள் எவை என்று கேட்டால் மைனஸ் 39 டிகிரியில் உருகும் பாதரசத்தோடு ஓகனெசானும் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சராசரியும் கெடும். மதிப்பே இல்லை என்பதைச் சொல்லப் பைத்தானில் தனி மதிப்பு ஒன்று இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். ‘அளக்கவில்லை’ என்பதற்கும் ‘பொருந்தாது’ என்பதற்கும் வேறுபாடு முக்கியமானால் குறிப்பு என்று இன்னொரு நெடுவரிசையைச் சேர்த்துவிடுங்கள்.

வரிசையா, நெடுவரிசையா?

இதுவரை ஒரு தனிமத்தைப் பற்றியே கேட்டோம். அதற்கு வரிசை வரிசையாகக் கட்டிவைப்பது பொருத்தம். முழு அட்டவணையையும் நெடுக்கே வெட்டிக் கேட்கும் கேள்விகள் வேறு வகை. சராசரி என்ன, உச்சம் எது, இந்த அளவுக்கு மேல் எத்தனை என்பவை ஒரே நெடுவரிசையை மேலிருந்து கீழ்வரை படிக்கும் கேள்விகள். 118 வரிசைகளில் வேறுபாடு தெரியாது. நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி ஒன்று, இரண்டு ஆண்டுகளில் 10,51,200 வரிசைகளைத் தந்துவிடும். அங்கே தெரியும்.

வழக்கமான 64 பிட் பைத்தானில் ஒவ்வொரு தசம எண்ணும் 24 பைட் இடம் பிடிக்கும் தனிப் பொருள். லிஸ்ட் அந்த எண்ணை நேரடியாக வைத்திருப்பதில்லை, அது எங்கே இருக்கிறது என்ற 8 பைட் முகவரியைத்தான் வைத்திருக்கிறது. ஆக ஓர் எண்ணுக்கு 32 பைட், 10 லட்சம் எண்களுக்கு ஏறக்குறைய 32 மெகாபைட். நம்பை அதே எண்களை 8 பைட் வீதம் ஒட்டி ஒட்டி அடுக்குவதால் 8 மெகாபைட்டில் முடிந்துவிடும். இட மிச்சத்தைவிட வேகம் பெரிய லாபம். பெரும்பாலான பிராசஸர்கள் நினைவகத்திலிருந்து 64 பைட் கொண்ட துண்டுகளாகவே தகவலை அள்ளுகின்றன. ஒட்டியிருக்கும் எண்களில் ஓர் அள்ளலுக்கு எட்டு கிடைக்கும். சிதறிக் கிடந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஓடவேண்டியிருக்கும்.

வெஸ் மெக்கின்னி 2008-இல் எழுதத் தொடங்கிய பாண்டாஸ் இந்த வேகத்தை நெடுவரிசைப் பெயர்களோடு சேர்த்துத் தருகிறது. டேட்டாஃபிரேம் என்ற இதன் அட்டவணை, உள்ளே தகவலை நெடுவரிசைகளாகவே வைத்திருக்கிறது. அதனால்தான் அதில் ஒரு வரிசையைக் கூடுதலாகச் சேர்ப்பது மந்தம். ஒவ்வொரு முறையும் முழு அட்டவணையும் புதிதாக நகலெடுக்கப்படும். ஒவ்வொரு வரிசையாகச் சேர்க்க அதில் இருந்த கட்டளையை 2023-இல் வந்த 2.0 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். வரிசைகளை முதலில் சாதாரண லிஸ்டில் சேர்த்துக்கொண்டு, முடிந்ததும் ஒரே தடவையில் டேட்டாஃபிரேமாக மாற்றுவதுதான் முறை.

ஒன்றுக்குப் பல

தனிமங்களின் நிலையான ஐசோடோப்புகளையும் சேர்க்க நினைக்கிறீர்கள். தங்கத்துக்கு அப்படி ஒன்றே ஒன்றுதான். வெள்ளீயத்துக்குப் பத்து. ஐசோடோப்பு 1, ஐசோடோப்பு 2 என்று பத்து நெடுவரிசைகள் வைத்தால் தங்கத்துக்கு ஒன்பது காலி, ஒரு குறிப்பிட்ட ஐசோடோப்பைத் தேடப் பத்து இடங்களில் பார்க்கவேண்டும். எண்கள் ஒட்டிய நெடுவரிசைப் பெயர்கள் கண்ணில் பட்டால் அட்டவணையைப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். ஐசோடோப்புகளுக்குத் தனி அட்டவணை, ஒவ்வொரு வரிசையிலும் அது எந்தத் தனிமத்தைச் சேர்ந்தது என்று சொல்ல அணு எண். இரண்டையும் இணைக்கும் கண்ணி அந்த எண்தான்.

ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையின் அடிப்படை இதுவே. தகவலை அட்டவணைகளாகப் பிரித்து, சாவிகளால் இணைத்து, என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கவேண்டும். எப்படித் தேடுவது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். 1981-இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. அந்தக் கொள்கையைச் சோதித்துப் பார்க்கப் பெரிய சர்வர் எதுவும் வேண்டாம். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட எஸ்கியூலைட், ஒரே ஒரு கோப்பில் முழு டேட்டாபேஸையும் வைத்துக்கொள்கிறது. உங்கள் கைபேசியில் அது இருக்கிறது. பைத்தானோடும் சேர்ந்தே வருகிறது. புரோகிராம் முடிந்தபிறகும் தகவல் இருக்கவேண்டும், அட்டவணைகள் ஒன்றுக்கு மேல், அவ்வப்போது திருத்தவும் வேண்டும் என்றால் டேட்டாபேஸுக்குப் போகலாம்.

கோப்பில் காத்திருக்கும் பொறிகள்

தகவல் பெரும்பாலும் சி.எஸ்.வி. கோப்பாகத்தான் வரும். அதில் எல்லாமே எழுத்துகள். எண்ணாக மாற்றாமல் உருகுநிலைகளை வரிசைப்படுத்தினால் 1538 டிகிரியில் உருகும் இரும்பு, 29.76 டிகிரியில் உருகும் காலியத்துக்கு முன்னால் வந்துவிடும். 1 என்ற எழுத்து 2-க்கு முன்னால் வருகிறதே. படித்தவுடன் எண்களாக மாற்றுவது முதல் வேலை.

எக்செல் பழகியவர்கள் அதிலேயே எல்லாவற்றையும் வைத்துவிட நினைப்பார்கள். அதன் ஒரு தாளில் அதிகபட்சம் 10,48,576 வரிசைகள். மேலே சொன்ன வெப்பநிலைக் கருவியின் இரண்டாண்டுப் பதிவில் கடைசி இரண்டு நாட்களுக்குச் சற்றுக் குறைவான நேரம் அதற்குள் அடங்காது. பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவத்தில் வரம்பு 65,536 மட்டுமே. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறை, ஆய்வகங்களிலிருந்து வந்த கொரோனா முடிவுகளை இந்தப் பழைய வடிவத்தில் ஏற்றியது. வரம்பைத் தாண்டிய வரிசைகள் சேரவில்லை. 15,841 நோயாளிகள் தினசரிக் கணக்கில் விடுபட்டார்கள். அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் தாமதமானது. தரவு அமைப்பைத் தேர்ந்தெடுப்பது பாடப்புத்தகக் கணக்கு மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

எங்கே தொடங்குவது?

கணினியைத் தொடுமுன் ஒரு தாளில், இந்த அட்டவணையிடம் கேட்கப்போகும் கேள்விகளை எழுதுங்கள். கூடவே, ஒரு வரிசை எதைக் குறிக்கிறது, எந்த நெடுவரிசை சாவி, எந்த இடங்களில் மதிப்பு இல்லாமல் போகலாம் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு முடிவு எளிது. சில ஆயிரம் வரிசைகள்வரை டிக்ஷனரிகளின் லிஸ்ட் அல்லது டேட்டாகிளாஸ்களின் லிஸ்ட் போதும். சாவியை வைத்து அடிக்கடி தேடுவதானால் சாவிவாரியான டிக்ஷனரி. நெடுவரிசைகளைக் கூட்டிக் கழித்து ஆராய்வதானால் பாண்டாஸ். தகவல் நிலைத்திருக்கவேண்டும், ஒன்றுக்குப் பல என்ற உறவுகள் இருக்கின்றன என்றால் எஸ்கியூலைட்.

வேகத்தைப் பற்றி முன்கூட்டியே கவலைப்பட்டுச் சிக்கலான அமைப்பை எடுக்காதீர்கள். எளியதில் தொடங்கி, உண்மையிலேயே மெதுவாகிறது என்று அளந்து பார்த்தபின் மாற்றினால் போதும். டிக்ஷனரிகளின் லிஸ்டைப் பாண்டாஸுக்கு மாற்ற ஒரு வரி போதும், எஸ்கியூலைட்டுக்கு மாற்றச் சில வரிகள் போதும். தவறான சாவியோடு ஓர் ஆண்டு சேர்த்த தகவலைத் திருத்துவதற்கு அப்படி எந்தக் குறுக்குவழியும் கிடையாது.